கரைந்த கொழுப்பு எங்கே போகிறது?

ஒருவர் ஓராண்டில் 10 கிலோ இளைக்கிறார். சட்டை தொளதொளக்கிறது, இடுப்புப் பட்டையில் புதிதாக ஒரு துளை போட வேண்டியிருக்கிறது. எப்படி இளைத்தார் என்று எல்லோரும் கேட்பார்கள். அந்த 10 கிலோ எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. நேற்று வரை எடைபோட்டுப் பார்க்கக்கூடிய பொருளாக உடம்பில் இருந்தது, இன்று இல்லை. அப்படியானால் அது ஏதோ ஒரு வழியாக வெளியேறியிருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இருவர் இந்தக் கேள்வியை மருத்துவர்கள், உணவியலாளர்கள், உடற்பயிற்சி ஆசிரியர்கள் என 150 பேரிடம் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்ன விடை, ‘கொழுப்பு ஆற்றலாகவும் வெப்பமாகவும் மாறிவிடுகிறது’ என்பது. மலத்தோடு போகிறது என்றார்கள் சிலர், தசையாக மாறுகிறது என்றார்கள் வேறு சிலர். மூன்றுமே தவறு. உடம்புக்குள் நடப்பது வேதிவினை. வேதிவினையில் அணுக்கள் இடம் மாறும், கூட்டாளியை மாற்றிக்கொள்ளும், ஆனால் ஒன்றுகூட அழியாது. கொழுப்பில் அடைபட்டிருந்த ஆற்றல் வெளிப்பட்ட பிறகும் அதன் கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் அப்படியே மிச்சமிருக்கும்.

2014ஆம் ஆண்டு டிசம்பரில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் அவர்கள் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிய, நாம் 29 கிலோ ஆக்சிஜனை உள்ளிழுக்க வேண்டும். முடிவில் 28 கிலோ கரியமில வாயுவும் 11 கிலோ தண்ணீரும் உருவாகின்றன. கொழுப்பிலிருந்த அணுக்களை மட்டும் பின்தொடர்ந்தால், 10 கிலோவில் 8.4 கிலோ கரியமில வாயுவாகி நுரையீரல் வழியே போகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீராகிச் சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் என்று பல வழிகளில் பிரிகிறது. இளைத்தவர் தம் கொழுப்பின் பெரும்பகுதியை மூச்சாக விட்டுவிட்டார்.

முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. காற்றுக்கு எடை உண்டு என்று பள்ளியில் படித்தவர்கள்தான் நாம். இருந்தும் நாம் விடும் மூச்சில் நம் வயிற்றுச் சதை போகிறது என்பதை மனம் எளிதில் ஏற்பதில்லை.

400 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதன் வாசல் வரை வந்து நின்றிருக்கிறார். இத்தாலிய மருத்துவர் சாண்டோரியோ ஒரு பெரிய தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்தபடியே உண்டு, தம்மையும் உணவையும் கழிவையும் பல ஆண்டுகள் எடைபோட்டு வந்தார். 1614இல் அவர் வெளியிட்ட நூலின் முக்கியமான கண்டுபிடிப்பு இது: உள்ளே போகும் உணவின் எடையில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் கழிவாக வெளியே வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வியர்வையாக அது போகிறது என்று அவர் விளக்கம் சொன்னார். பாதி சரி. தோலும் மூச்சும் வெளியேற்றும் நீராவி அதில் அதிகம். அதோடு கரியமில வாயுவும் போகிறது என்பதை அவர் அறிய வழியில்லை, அந்த வாயுவையே அன்று யாரும் சரிவரப் புரிந்துகொண்டிருக்கவில்லை.

அதற்கு பாரிஸ் நகரத்து வேதியியலாளர் லவாசியே வர வேண்டியிருந்தது. 1782-83 குளிர்காலத்தில் அவரும் கணித அறிஞர் லப்லாசும் ஒரு கினிப்பன்றியை, சுற்றிலும் பனிக்கட்டி நிரப்பிய பாத்திரத்துக்குள் வைத்தார்கள். அதன் உடற்சூட்டில் எவ்வளவு பனி உருகியது என்று அளந்தார்கள். அதே அளவு கரியமில வாயு உண்டாகும்படி கரித்துண்டை எரித்தால் எவ்வளவு பனி உருகும் என்பதோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் நெருங்கி வந்தன. மூச்சு விடுதல் என்பது மெதுவான எரிதல் என்ற முடிவு அங்கே பிறந்தது. பின்னர் செகன் என்ற உதவியாளருக்கு முகமூடி மாட்டி, சும்மா இருக்கும்போதும் வேலை செய்யும்போதும் அவர் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறார் என்று அளந்தார் லவாசியே. உழைப்பு கூடினால் ஆக்சிஜன் செலவும் கூடுகிறது என்று தெரிந்தது. இன்றைய உடற்பயிற்சி அறிவியலின் வேர் அதுதான். அந்தச் சோதனைக் காட்சிகளை அவருடைய மனைவி மேரி ஆன் ஓவியமாக வரைந்து வைத்திருக்கிறார். ஓரமாக மேசையில் அமர்ந்து குறிப்பெடுக்கும் தம்மையும் அதில் வரைந்திருக்கிறார். 1794இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு லவாசியேயைக் கில்லட்டினுக்கு அனுப்பியது.

சரி, வயிற்றில் இருக்கும் கொழுப்பு மூக்குக்கு எப்படி வந்து சேர்கிறது? சாப்பிட்டு முடித்த நேரத்தில் ரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருக்கும். அது இருக்கும்வரை கொழுப்பு உயிரணுக்களுக்குச் சேமிப்பதுதான் வேலை. சில மணி நேரம் கழிந்து இன்சுலின் இறங்கியதும், அல்லது உடற்பயிற்சியில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் ஏறியதும், உள்ளே உள்ள நொதிகள் கொழுப்பை உடைக்கத் தொடங்கும். ஒரு கொழுப்பு மூலக்கூறு மூன்று கொழுப்பு அமிலங்களாகவும் ஒரு கிளிசராலாகவும் பிரியும். கொழுப்பு அமிலம் ரத்தத்தில் கரையாது. ஆகவே ஆல்புமின் என்ற புரதம் அதைச் சுமந்துகொண்டு தசைக்குப் போகும். அங்கே மைட்டோகாண்ட்ரியாவில் அந்த நீண்ட சங்கிலி இரண்டிரண்டு கரி அணுக்களாகத் துண்டாடப்படும். ஒவ்வொரு துண்டும் ஒரு வேதிச் சுழற்சிக்குள் நுழைந்து கரியமில வாயுவாக வெளியே வரும். அந்த வாயு ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்கு வந்து, அடுத்த மூச்சில் போய்விடும்.

எந்த இடத்துக் கொழுப்பு முதலில் கிளம்ப வேண்டும் என்று நாம் உத்தரவிட முடியாது என்பதும் இந்தப் பயணத்திலிருந்து விளங்கும். வயிற்றுத் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் அந்தத் தசை வலுப்பெறும், நல்லதுதான். ஆனால் அது எரிக்கும் கொழுப்பு ரத்தத்தின் வழியே உடம்பின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. வயிற்றில் இறுக்கிக் கட்டும் வியர்வைப் பட்டைகள் வெளியேற்றுவது தண்ணீரை. இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தால் அந்த எடை திரும்பிவிடும். வேகவேகமாக மூச்சு விட்டால் இளைக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. முடியாது. திசுக்களில் எரிந்து உருவாகும் வாயுவைத்தான் நுரையீரல் வெளியேற்றுகிறது, எரிவதை அது கூட்டுவதில்லை. தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் தலைசுற்றி மயக்கம் வரும்.

இனி இந்தக் கணக்கின் கடுமையான பக்கம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் தூக்கம், ஓய்வு, லேசான வேலை என்று ஒரு நாளைக் கழித்தாலும் மூச்சில் ஏறக்குறைய 200 கிராம் கரியை இழக்கிறார். அதில் ஏறக்குறைய கால் பங்கு எட்டு மணி நேரத் தூக்கத்திலேயே போய்விடுகிறது. ஒரு மணி நேர ஓய்வுக்குப் பதில் ஒரு மணி நேரம் மெல்லோட்டம் ஓடினால் கூடுதலாகப் போவது 40 கிராம்தான். சாப்பாட்டின் வழியே அந்த 40 கிராம் திரும்பி வர ஐந்து நிமிடம் போதும். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது ஏறக்குறைய 50 கிலோ கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கிலோ கலோரி இருக்கிறது. உடற்கொழுப்பு ஒரு கிலோ ஏறக்குறைய 7,700 கிலோ கலோரி என்பார்கள். நடந்தே அதைக் கரைப்பதென்றால் 150 கிலோமீட்டர், அதாவது சென்னையிலிருந்து விழுப்புரம் போகிற தூரம் நடக்க வேண்டும்.

அப்படியானால் பட்டினித் திட்டத்தின் முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைகிறதே, அது எப்படி? கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சுமார் அரைக் கிலோ சேமிப்பில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சாப்பாட்டைத் திடீரென்று வெட்டினால் முதலில் தீர்வது அதுதான், கூடவே தண்ணீரும் போகிறது. ‘பத்தே நாளில் ஐந்து கிலோ’ விளம்பரங்கள் பிழைப்பது இந்தத் தண்ணீரில். அதை நம்பி இறங்கியவர், மூன்றாவது வாரத்தில் எடைமுள் அசையாமல் நிற்கும்போது தம் மனவுறுதியைக் குறை சொல்லிக்கொள்கிறார். உண்மையில் கொழுப்பு அப்போதும் மெல்லக் கரைந்துகொண்டுதான் இருக்கும். கொழுப்பின் வேகம் அவ்வளவுதான். 10 கிலோ கொழுப்பை ஓராண்டில் இழப்பது என்றால் ஒரு நாளைக்கு 27 கிராம். வீட்டில் இருக்கும் எடை எந்திரத்தால் அதை உணரவே முடியாது.

கரைந்த பிறகும் கொழுப்பு உயிரணுக்களின் எண்ணிக்கை குறைவதில்லை, அவை சுருங்கி அங்கேயே இருக்கின்றன. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழு இதைக் கண்டுபிடித்த வழி ஒரு தனி அதிசயம். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டு வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கதிரியக்கக் கரியான கார்பன்-14 பெருகியது. பயிர் அதை உறிஞ்சியது, பயிரிலிருந்து அது மனிதருக்குள் வந்தது. சோதனைகள் நின்ற பிறகு அதன் அளவு ஆண்டுக்காண்டு குறைந்து வந்தது. ஆகவே ஓர் உயிரணுவின் மரபுப்பொருளில் கார்பன்-14 எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் அது பிறந்த ஆண்டைச் சொல்லிவிடலாம். 2008இல் வெளியான முடிவு இது: வளர்ந்த மனிதரில் கொழுப்பு உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. ஆண்டுக்குப் பத்து விழுக்காடு இறக்கின்றன, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. அறுவை சிகிச்சை செய்து வெகுவாக இளைத்தவர்களிடமும் எண்ணிக்கை குறையவில்லை.

சுருங்கிய உயிரணு சும்மா இருப்பதில்லை. கொழுப்பு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டறிந்தது. கொழுப்புச் சேமிப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தெரிவிப்பது அது. இளைத்தால் லெப்டின் குறைகிறது, பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. பசியைக் கூட்டுகிறது, செலவைக் குறைக்கிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். போருக்குச் செல்ல மனம் ஒப்பாமல், அதற்கு ஈடாகத் தாமே முன்வந்து உடம்பைத் தந்தவர்கள் அவர்கள். எடையில் கால்பங்கு போயிற்று. உடம்பின் அடிப்படை ஆற்றல் செலவு 40 விழுக்காடு அளவுக்குச் சரிந்தது. கைகால் சில்லிட்டது. சமையல் நூல்களைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், கனவிலும் சாப்பாடு வந்தது.

அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் முப்பது வாரத்தில் சராசரியாக 58 கிலோ இளைத்த 14 பேரை, ஆறாண்டுக்குப் பின் ஆய்வாளர் கெவின் ஹால் குழு மீண்டும் அளந்தது. இழந்ததில் 41 கிலோ திரும்பியிருந்தது. அதைவிட வியப்பு, அவர்களுடைய உடம்பு ஓய்வு நிலையில் இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கிலோ கலோரி குறைவாகவே செலவிட்டுக்கொண்டிருந்தது. பஞ்சத்தைத் தாண்டி உயிர் பிழைத்த முன்னோரிடமிருந்து நமக்கு வந்த காவல் இது. எடை திரும்பியவரைப் பார்த்து ‘வாயைக் கட்டத் தெரியாதவர்’ என்று சொல்வது கொடுமை. அறியாமையும்கூட.

இந்தக் காவலோடு மோதாமல் சாப்பாட்டைக் குறைக்க வழி உண்டா? ஓரளவு உண்டு. அதே கெவின் ஹால், 2019இல் வெளியிட்ட ஆய்வுக்காக 20 பேரை ஒரு மாதம் மருத்துவமனையிலேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் ஆலையில் பக்குவப்படுத்திப் பொட்டலத்தில் வரும் உணவு, இரண்டு வாரம் சமையலறையில் ஆக்கிய எளிய உணவு. பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டுமட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு உண்ட நாட்களில் அவர்கள் தினம் 500 கிலோ கலோரி கூடுதலாகத் தின்றார்கள், 0.9 கிலோ ஏறினார்கள். எளிய உணவில் அதே 0.9 கிலோ இறங்கினார்கள். மென்மையான ஆலை உணவை அவர்கள் வேகமாக விழுங்கினார்கள் என்பது ஒரு காரணமாகத் தெரிகிறது. போதும் என்ற செய்தி குடலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே தட்டு காலியாகிவிடுகிறது.

நம் பக்கத்துச் சிக்கல் சற்று வேறு. 2025இல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி நாம் உண்ணும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. தீட்டிய அரிசியும் அரைத்த கோதுமையும் சர்க்கரையுமே அதில் பெரும்பங்கு. புரதம் குறைவு. இலையில் சோறு மலையாகவும் கூட்டும் பொரியலும் தொட்டுக்கொள்ளவும் இருப்பதை மாற்றிப்போட்டால், அதாவது பருப்பும் சுண்டலும் கீரையும் முட்டையும் மீனும் பெரும்பங்காகி, சோறு தொட்டுக்கொள்ளும் அளவுக்கு வந்தால், பட்டினி கிடக்காமலே கலோரி குறையும். புரதமும் நாரும் பசியை நெடுநேரம் தாங்கும். இதற்கு ஓட்ஸும் வெளிநாட்டுப் பழங்களும் வாங்க வேண்டியதில்லை. தட்டாம்பயறும் முருங்கைக்கீரையும் எல்லாக் கடைத்தெருவிலும் கிடைக்கின்றன.

உடற்பயிற்சியைக் கணக்கு தோற்கடித்துவிட்டது போலத் தோன்றும். தான்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களை ஹெர்மன் பாண்ட்சர் ஆராய்ந்தார். கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, சிறுநீரில் இரண்டும் எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்று அளப்பது அவர் முறை. ஹைட்ரஜன் தண்ணீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஒருவர் மூச்சில் விட்ட வாயுவின் அளவு. நாள் முழுக்க அலையும் ஹட்சா மக்கள், உடல் அளவைக் கணக்கில் கொண்டால், நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கும் அமெரிக்கர்கள் செலவிடும் அதே அளவு ஆற்றலைத்தான் செலவிடுகிறார்கள் என்று 2012இல் தெரிந்தது. நடையில் கூடுதலாகச் செலவழிவதை உடம்பு வேறெங்கோ மிச்சம் பிடிக்கிறது.

ஆனால் உடற்பயிற்சியின் கொடையை எடை எந்திரத்தில் தேடியதுதான் பிழை. அதன் முதல் வேலை இளைத்த எடையைக் காப்பது. அந்தத் தொலைக்காட்சிப் போட்டியாளர்களிலும் எடை திரும்பாமல் காத்துக்கொண்டவர்கள் உடல் உழைப்பை மிக அதிகமாகக் கூட்டியவர்களே. இரண்டாவது வேலை தசையில் நடக்கிறது. ரத்தத்துச் சர்க்கரை தசைக்குள் நுழைய இன்சுலினின் அனுமதி வேண்டும் என்பது பொது விதி. தசை சுருங்கி விரியும்போது மட்டும், சர்க்கரையை உள்ளே இழுக்கும் புரதங்கள் இன்சுலின் இல்லாமலேயே உயிரணுவின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. இன்சுலின் சரிவர வேலை செய்யாத சர்க்கரை நோயாளியின் தசையிலும் இது நடக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருவில் பதினைந்து நிமிடம் நடந்தால் கொழுப்பு பெரிதாகக் கரையாது, ஆனால் சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் தேங்காமல் தசைக்குப் போகும்.

இதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வு 2006இல் வெளியாயிற்று. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும் சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி, தினமும் அரைமணி நேரம் நடக்கவைத்தார்கள். மூன்றாண்டில் முதல் பிரிவில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்தது, இரண்டாவது பிரிவில் 39.3 விழுக்காட்டினருக்கு. இதே போன்ற அமெரிக்க ஆய்வில் எடைக் குறைப்புதான் வெற்றிக்குக் காரணம் என்றார்கள். சென்னையில் இரண்டாம் பிரிவினரின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. எடை அப்படியே இருக்க, நோய் விலகியது. தினமும் நடந்தும் எடை குறையவில்லையே என்று சோர்ந்து நிறுத்திவிடுகிற ஒவ்வொருவரிடமும் இந்த ஆய்வைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

நமக்கு இது ஏன் கூடுதலாக முக்கியம் என்பதற்கு ஒரு புகைப்படம் இருக்கிறது. 2004இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யட்கினும் அருகருகே நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் உடல் நிறை எண் இருவருக்கும் ஒரே 22.3. பார்க்கவும் இருவரும் ஒல்லி. உள்ளே அளந்தால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடம்பில் 21.2. தெற்காசியர்கள் பலர் பார்வைக்கு மெலிந்தும், தசை குறைந்து, வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தும் இருக்கிறோம். ஆகவே மேலை நாட்டில் 25 என்று வைத்திருக்கும் எச்சரிக்கைக் கோட்டை நமக்கு 23 என்று இறக்கி வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவுக்கும் தனி அளவு உண்டு, ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. தையற்காரரின் நாடா ஒன்று இருந்தால் போதும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல், நாடாவை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை அளந்து எழுதிவைத்தாலே போதும். எடைமுள் நகராத மாதங்களிலும் வயிற்றுக்குள் கொழுப்பு குறைந்திருந்தால் அந்த நாடா காட்டிவிடும்.